இலைச் சாற்றைக் கொண்டு உலோக ஆக்சைடு நானோ துகள்கள்: ஆய்வகத்துக்கான முழுமையான வழிகாட்டி

பசுமை முறையில் நானோ துகள் தயாரிப்பதைப் பற்றிய கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: 'சாற்றில் உள்ள பாலிஃபீனால்களும் ஃபிளேவனாய்டுகளும் உலோக அயனியை ஒடுக்கி நானோ துகளாக மாற்றுகின்றன.' ஒடுக்குவது என்றால் அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுப்பது. வெள்ளிக்கும் தங்கத்துக்கும் இது சரி. துத்தநாக ஆக்சைடுக்கு இது தவறு. துத்தநாக உப்பில் உலோகம் +2 நிலையில் இருக்கிறது. ஆக்சைடிலும் அதே +2 நிலையில்தான் இருக்கிறது. அங்கே ஒடுக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வெள்ளி அயனியின் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் (எண் கூடக் கூட ஒடுக்குவது எளிது) +0.80 வோல்ட், துத்தநாகத்தினுடையது −0.76 வோல்ட். முன்னதை ஒடுக்க ஓர் இலைச் சாறு போதும். பின்னதைத் தண்ணீரில் வைத்து உலோகமாக்கும் வலு எந்த இலைக்கும் கிடையாது.

பிறகு சாறு என்ன செய்கிறது? ஃபீனால் தொகுதிகளும் கார்பாக்சிலிக் அமிலங்களும் துத்தநாக அயனியைக் கொடுக்கிணைப்பாக, அதாவது நண்டின் கொடுக்குபோல இரு பக்கமும், பற்றிக்கொள்கின்றன. அதனால் காரம் சேர்க்கும்போது வீழ்படிவு ஒரேயடியாகக் கொட்டாமல் நிதானமாக உருவாகிறது. உருவான துகளின் மேற்பரப்பில் புரதங்களும் சர்க்கரைகளும் ஃபீனால்களும் ஒட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடாமல் தடுக்கின்றன. உலையில் சுடும்போது அதே கரிமப் பொருள் எரிந்து வாயுவாக வெளியேறி, துகள்களுக்கிடையே இடைவெளியை விட்டுச்செல்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் எதை மாற்றினால் எது மாறும் என்பது தானாக விளங்கும். சாற்றை ஒடுக்கி என்று நினைத்துக்கொண்டு இறங்கினால், நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே நேரம் போய்விடும்.

இந்த வழிகாட்டியில் துத்தநாக ஆக்சைடையே முன்மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். அது வெண்மையானது என்பதால் மாசு இருந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். எக்ஸ் கதிர் விளிம்பு விலகலில், அதாவது கதிர் படிகத்தில் பட்டு எந்தக் கோணங்களில் சிதறுகிறது என்று பார்க்கும் சோதனையில், அதன் முகடுகள் தெளிவானவை. உப்பும் எளிதில் கிடைக்கும். செம்பு, இரும்பு, டைட்டானியம் ஆகியவற்றுக்குச் செய்ய வேண்டிய மாற்றங்களைப் பின்னால் சொல்கிறேன்.

தொடங்கும் முன் எடுக்க வேண்டிய ஒரு முடிவு

உங்களுக்கு வேண்டியது தாவர மூலக்கூறுகள் மேலே போர்த்திய துகளா, அல்லது தூய்மையான, படிகத்தன்மை மிகுந்த ஆக்சைடா? இரண்டையும் ஒரே மாதிரியில் பெற முடியாது. 400 டிகிரி செல்சியசுக்கு மேல் காற்றில் சுட்ட பொடியில் ஃபிளேவனாய்டு எதுவும் உயிர்பிழைத்திருக்காது. 500 டிகிரியில் சுட்டுவிட்டு, 'துகளின் மேலுள்ள ஃபிளேவனாய்டுகளே நுண்ணுயிர் எதிர்ப்புக்குக் காரணம்' என்று எழுதுவது தன்னைத்தானே மறுக்கும் கூற்று. போர்வை வேண்டுமானால் 80 முதல் 100 டிகிரியில் உலர்த்துவதோடு நிறுத்திவிடுங்கள். துத்தநாக ஹைட்ராக்சைடு சூடான காரக் கரைசலிலேயே ஓரளவு ஆக்சைடாக மாறிவிடும் என்பதால் அது சாத்தியமே. ஒளி பட்டால் வினையைத் தூண்டும் ஒளிவினையூக்கி வேலைக்கும் மின்னணு வேலைக்கும் பெரும்பாலும் சுட்ட பொடிதான் தேவைப்படும்.

தாவரமும் சாறும்

எந்தச் செடி சிறந்தது என்ற கேள்விக்கு மிகையான முக்கியத்துவம் தரப்படுகிறது என்பது என் எண்ணம். வேம்பு, துளசி, கொய்யா இலை, செம்பருத்தி, கற்றாழை என்று எதைக் கொண்டும் துத்தநாக ஆக்சைடு செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். செடியின் பெயரைவிட அதன் சாற்றில் எவ்வளவு ஃபீனால், எவ்வளவு பிசின், எவ்வளவு தாது உப்பு இருக்கின்றன என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. ஃபீனால் மிகுந்த, பிசின் குறைந்த இலை முதல் முயற்சிக்கு ஏற்றது. கற்றாழையும் செம்பருத்தியும் வழவழப்பானவை. வடிதாளை அடைத்துக்கொண்டு பொறுமையைச் சோதிக்கும். சப்போனின் மிகுந்த தாவரமானால் கலக்கும்போது பீக்கர் நுரைத்துப் பொங்கும்.

ஒரே செடியின் இலையிலும் பருவம், வயது, மண், உலர்த்திய விதம் ஆகியவற்றைப் பொறுத்து ஃபீனால் அளவு மாறும். ஆகவே ஆய்வு முழுவதற்கும் தேவையான இலையை ஒரே தடவையில் பறித்து, ஒன்றாக உலர்த்தி, ஒன்றாகப் பொடித்து, காற்றுப் புகாத ஒரே புட்டியில் வையுங்கள். தாவரவியலாளர் ஒருவரிடம் இனத்தை உறுதிசெய்து, அறிவியல் பெயரோடு பறித்த மாதத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

சாறு எடுக்கும் முறை இது. இலைகளைக் குழாய் நீரிலும் பிறகு காய்ச்சி வடித்த நீரிலும் கழுவுங்கள். தூசியில் இரும்பும் கால்சியமும் உண்டு என்பதால் கழுவுவதில் சோம்பல் கூடாது. நிழலில் உலர்த்திப் பொடியாக்குங்கள். 5 கிராம் பொடியை 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் போட்டு, 70 டிகிரியில் 30 நிமிடம் மூடி வைத்துக் கலக்குங்கள். கொதிக்க விடாதீர்கள், கொதித்தால் மாவுச்சத்தும் பெக்டினும் அதிகமாக இறங்கிச் சாறு கலங்கும், வெப்பம் தாங்காத சேர்மங்கள் சிதையும். ஆறியதும் மெல்லிய துணியில் வடித்து, பிறகு வடிதாளில் வடியுங்கள்.

வடிதாளில் வடித்தாலே தெளிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பெரும்பாலோர் பயன்படுத்தும் வாட்மன் 1-ஆம் எண் தாளின் துளை சுமார் 11 மைக்ரோமீட்டர். நீங்கள் செய்யப்போகும் துகளைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிய இலைத் துணுக்குகள் அதன் வழியே தாராளமாக நுழைந்துவிடும். வடித்த சாற்றைச் சென்ட்ரிஃபியூஜில் பத்து நிமிடம் சுற்றி, மேலே நிற்கும் தெளிந்த பகுதியை மட்டும் எடுங்கள். ஒரு டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஒளிக்கற்றை பால்போலத் தெரிந்தால் சாற்றில் கூழ்மம் இன்னும் இருக்கிறது என்று பொருள்.

சாற்றை அன்றே பயன்படுத்துவது நல்லது. 4 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். அதற்குமேல் பழுப்பேறி, பூஞ்சை பிடித்து, பி.எச். மாறிவிடும். ஒவ்வொரு தொகுதிச் சாற்றின் பி.எச். மதிப்பையும், முடிந்தால் ஃபோலின்-சியோகால்ட்டோ முறையில் மொத்த ஃபீனால் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் முடிவு மாறிவிட்டால் எங்கே தேடுவது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லும்.

உப்பைத் தேர்ந்தெடுத்தல்

துத்தநாக நைட்ரேட், அசிட்டேட், சல்பேட், குளோரைடு என நான்கும் புழக்கத்தில் உள்ளன. முதல்முறை செய்பவருக்கு அசிட்டேட்டையே பரிந்துரைப்பேன். நைட்ரேட்டோடு கரிமப் பொருள் கலந்து காய்ந்தால் அது எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் சேர்ந்த கலவை. உலையில் திடீரெனப் பற்றி எரிந்து மூசையிலிருந்து (உயர் வெப்பம் தாங்கும் கிண்ணம்) சிதறும், பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு புகையும் வரும். இந்தத் தன்மையையே பயன்படுத்திச் சாற்றையும் நைட்ரேட்டையும் பசையாகக் காய்ச்சி எரித்து ஆக்சைடு எடுக்கும் முறையும் இருக்கிறது. அதைச் செய்வதானால் மிகச் சிறிய அளவில், மூசையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூடுக்குள்தான் செய்ய வேண்டும். குளோரைடு உப்பில் வேறொரு தொல்லை. சரியாகக் கழுவாவிட்டால் தங்கிவிடும் சோடியம் குளோரைடின் முதன்மை முகடு எக்ஸ் கதிர் சோதனையில் 31.7 டிகிரி கோணத்தில் வரும்; அது துத்தநாக ஆக்சைடின் 31.8 டிகிரி முகட்டின் கீழே ஒளிந்துகொள்ளும். 45.4 டிகிரியில் உள்ள இரண்டாவது முகட்டைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

0.1 மோலார் கரைசல் 100 மி.லி. வேண்டுமானால் துத்தநாக அசிட்டேட் டைஹைட்ரேட் 2.195 கிராம் தேவை. நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட்டானால் 2.975 கிராம். நைட்ரேட் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். பழைய புட்டியிலிருந்து எடுத்தால் நீங்கள் நிறுத்ததில் ஒரு பங்கு வெறும் தண்ணீராக இருக்கலாம்.

வீழ்படிவாக்கல்

துத்தநாக அசிட்டேட் கரைசல் 100 மி.லி.யைக் காந்தக் கலக்கியின் மேல் வைத்து 60 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். 25 மி.லி. சாற்றோடு 25 மி.லி. நீர் சேர்த்து 50 மி.லி.யாக்கி, பியூரெட் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கால் மணி நேரத்தில் விடுங்கள். நீர் சேர்ப்பது ஏன் என்று கேட்கலாம். பின்னர் சாற்றின் அளவை 0, 10, 25, 50 மி.லி. என மாற்றிப் பார்க்கும்போது மொத்தக் கனஅளவும் துத்தநாகத்தின் செறிவும் மாறாமல் இருக்க வேண்டும். சாற்றைக் கூட்டும்போது துத்தநாகமும் நீர்த்துப்போனால், முடிவில் தெரியும் மாற்றம் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

அரை மணி நேரம் கலக்கிய பிறகு 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை, அதாவது 100 மி.லி.யில் 4 கிராம் கரைத்ததை, சொட்டுச் சொட்டாகச் சேர்க்கத் தொடங்குங்கள். கணக்குப்படி 0.01 மோல் துத்தநாகத்துக்கு 0.02 மோல் ஹைட்ராக்சைடு, அதாவது 20 மி.லி. வேண்டும். சாற்றிலுள்ள அமிலங்களுக்காக இன்னும் கொஞ்சம் செலவாகும். அளவை நம்பாமல் பி.எச். மீட்டரை நம்புங்கள். இலக்கு 10. அதைத் தாண்டி 12, 13 என்று போனால் துத்தநாக ஹைட்ராக்சைடு ஈரியல்புடையது (அமிலத்திலும் காரத்திலும் கரையும்) என்பதால் ஜிங்கேட் அயனியாகக் கரையத் தொடங்கும். பால்போலக் கலங்கிய கரைசல் கண் முன்னே தெளிவதைக் கண்டால் காரம் மிதமிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

நிறத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். காரம் விழுந்ததும் சாறு மஞ்சளாகவோ ஆழ்ந்த பழுப்பாகவோ மாறும். பலர் இதையே நானோ துகள் உருவானதற்கான சான்றாகப் படம் எடுத்து வைக்கிறார்கள். ஃபீனால்கள் காரத்தில் அயனியாகி, காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைவதால் வரும் நிறம் அது. துத்தநாகமே இல்லாமல் சாற்றில் மட்டும் காரத்தை விட்டுப் பாருங்கள், அதே நிறம் வரும். வெள்ளி நானோ துகளின் மஞ்சளும் தங்கத்தின் சிவப்பும் மேற்பரப்புப் பிளாஸ்மான் ஒத்ததிர்வால், அதாவது உலோகத்தின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அதிர்வதால், வருபவை. வெண்ணிற ஆக்சைடுக்கு அப்படியொரு நிறமே இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது வெண்மையான அல்லது வெளிர்மஞ்சளான கலங்கலை.

காரம் சேர்த்து முடித்தபின் 60 முதல் 70 டிகிரியில் இரண்டு மணி நேரம் கலக்கலை நிறுத்தாமல் தொடருங்கள். பிறகு அறை வெப்பநிலைக்கு ஆற விடுங்கள்.

கழுவுதலும் உலர்த்துதலும்

அலட்சியத்தால் அதிகம் கெடும் படி இதுதான். வீழ்படிவில் சோடியம் அசிட்டேட், மிகைக் காரம், இலையிலிருந்து வந்த பொட்டாசியம், கால்சியம், கரைந்த சர்க்கரை எல்லாம் கலந்திருக்கும். சென்ட்ரிஃபியூஜில் நிமிடத்துக்கு 6000 முதல் 8000 சுற்றில் பத்து நிமிடம் சுற்றி, மேல்நீரைக் கொட்டி, புதிய நீர் விட்டு, அடியில் படிந்ததை நன்றாகக் கலைத்துவிட்டு மீண்டும் சுற்ற வேண்டும். கட்டியைக் கலைக்காமல் மேலே நீரை ஊற்றி இறைப்பது கழுவுதல் ஆகாது. மூன்று முறை நீரிலும் கடைசியாக ஒரு முறை எத்தனாலிலும் கழுவுங்கள். மேல்நீரின் பி.எச். ஏழை நெருங்கினால் போதும்.

மூன்றாவது முறை கழுவும்போது அதுவரை நன்றாகப் படிந்துவந்த துகள் திடீரெனப் படிய மறுத்து மேல்நீர் கலங்கலாகவே நிற்கலாம். பயப்பட வேண்டாம். உப்பு நீங்கியதும் துகள்களுக்கிடையேயான மின்விலக்கம் வலுப்பெற்று அவை கூழ்மமாகக் கலைகின்றன. கொஞ்சம் எத்தனால் சேர்த்து அதிக வேகத்தில் சுற்றினால் இறங்கிவிடும். அந்தக் கலங்கலைக் கொட்டிவிட்டால் உங்கள் மிகச் சிறிய துகள்கள்தான் கழிவுத் தொட்டிக்குப் போகும்.

பிறகு 80 டிகிரி உலர்த்தும் அடுப்பில் இரவு முழுவதும் வையுங்கள். எத்தனால் ஈரம் வடிந்து ஆவியான பிறகே அடுப்புக்குள் வைக்க வேண்டும். மூடிய சூட்டடுப்புக்குள் எத்தனால் ஆவி சேர்வது தீ விபத்துக்கு வழி. காலையில் பழுப்பு நிறக் கட்டி கிடைக்கும். அகேட் கல்வத்தில் மெதுவாகப் பொடியுங்கள். இரும்பு உரலும் எவர்சில்வர் கிண்ணமும் வேண்டாம்.

உலை

எந்த வெப்பநிலையில் சுடுவது என்பதை மற்றவர் கட்டுரையைப் பார்த்து முடிவு செய்யாமல், உங்கள் உலர்ந்த பொடியை வெப்ப எடையறி பகுப்பாய்வுக்கு (சூடேற்றும்போது எடை குறைவதை அளப்பது) அனுப்பி முடிவு செய்யுங்கள். ஏறத்தாழ 120 டிகிரி வரை ஈரம் போகும். 200 முதல் 400 டிகிரிக்குள் கரிமப் பொருளின் பெரும்பகுதி எரியும். எடைக் கோடு எங்கே சமநிலைக்கு வருகிறதோ அதற்குச் சற்று மேலே உங்கள் வெப்பநிலை. அந்த வசதி இல்லாவிட்டால் 450 டிகிரி, இரண்டு மணி நேரம் என்று தொடங்கலாம். நிமிடத்துக்கு 5 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டாம். வேகமாக ஏற்றினால் கரிமப் பொருள் ஒரே நேரத்தில் எரிந்து, உலை காட்டும் எண்ணைவிட மூசைக்குள் வெப்பம் வெகுவாக உயர்ந்து, துகள்கள் உருகாமலேயே ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும்.

மூசையை மூடியால் இறுக்காதீர்கள். ஆக்சிஜன் உள்ளே போனால்தான் கரி எரியும். உலையிலேயே ஆற விடுங்கள். சூடாக வெளியே எடுத்தால் பொடி எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். ஆற ஆற விளிம்பிலிருந்து வெளுத்து, கைச்சூட்டுக்கு வரும்போது முழு வெண்மையாகிவிடும். துத்தநாக ஆக்சைடின் இயல்பு இது. ஆறிய பிறகும் சாம்பல் நிறமோ பழுப்போ தங்கினால் எரியாத கரி இருக்கிறது. மீண்டும் ஒரு மணி நேரம் சுடலாம்.

இப்போது நிறுத்துப் பாருங்கள். 0.01 மோல் துத்தநாகத்திலிருந்து அதிகபட்சமாக 0.81 கிராம் ஆக்சைடு கிடைக்கும். 0.6 அல்லது 0.7 கிடைத்தால் இயல்பு. 0.9 கிடைத்தால் மகிழ வேண்டாம். கரியோ, கார்பனேட்டோ, கழுவப்படாத சோடியமோ சேர்ந்து நிற்கிறது. இந்த எளிய எடைக் கணக்கைப் பல ஆய்வேடுகளில் காண முடிவதில்லை. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமலேயே மாதிரியின் தூய்மையைப் பற்றி முதல் சந்தேகத்தை எழுப்பும் கருவி தராசுதான்.

ஒப்பீட்டு மாதிரிகள்

சாறு இல்லாமல், அதற்குப் பதில் 50 மி.லி. நீர் விட்டு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்து ஒரு மாதிரி எடுக்க வேண்டும். துத்தநாக அசிட்டேட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் மட்டும் சேர்ந்தாலே நானோ அளவில் துத்தநாக ஆக்சைடு வரும் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த மாதிரிக்கும் உங்கள் மாதிரிக்கும் அளவிலோ வடிவத்திலோ திரளும் தன்மையிலோ வேறுபாடு இருந்தால்தான் செடி ஏதோ செய்தது என்று சொல்லலாம். வேறுபாடு இல்லையென்றால் காரம்தான் துகளைச் செய்தது. இலை வேடிக்கை பார்த்தது. இந்த ஒப்பீடு இல்லாத கட்டுரையை நான் பாதியில் மூடிவிடுவேன்.

இன்னொன்று, சாற்றை மட்டும் காய்ச்சி அதே வெப்பநிலையில் சுட்டு எடுக்கும் சாம்பல். அதில் பொட்டாசியம் குளோரைடும் கால்சியம் கார்பனேட்டும் இருப்பது சகஜம். எக்ஸ் கதிர் சோதனையில் 28.3 டிகிரியிலும் 29.4 டிகிரியிலும் புரியாத சிறு முகடுகள் வந்தால் முறையே இவற்றைச் சந்தேகிக்கலாம்.

என்ன கிடைத்தது என்று அறிதல்

எக்ஸ் கதிர் விளிம்பு விலகலை முதலில் செய்யுங்கள். செம்பு கே-ஆல்ஃபா கதிரில், அறுகோண உர்ட்சைட் துத்தநாக ஆக்சைடு 31.8, 34.4, 36.2, 47.5, 56.6, 62.9, 67.9 டிகிரிகளில் முகடுகளைத் தரும், ஜே.சி.பி.டி.எஸ். தரவுத் தொகுப்பின் 36-1451 என்ற அட்டையோடு ஒப்பிடுவது வழக்கம். அந்த அட்டையில் பொருந்தாத ஒவ்வொரு முகட்டுக்கும் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

படிக அளவுக்கு 1918-இல் பால் ஷெரர் வெளியிட்ட சமன்பாடு உதவும்: அளவு = 0.9 × அலைநீளம் ÷ (அகலம் × கோசைன் தீட்டா). ஓர் உதாரணம். முகடு 36.25 டிகிரியில், பாதி உயரத்தில் அதன் அகலம் 0.40 டிகிரி. அகலத்தை ரேடியனாக்கினால் 0.00698. தீட்டா என்பது 36.25-இன் பாதி, 18.125, அதன் கோசைன் 0.950. அலைநீளம் 0.15406 நானோமீட்டர். விடை சுமார் 21 நானோமீட்டர்.

இங்கே இரண்டு இடங்களில் கால் இடறும். அகலத்தை ரேடியனாக்க மறந்தால் 0.37 நானோமீட்டர் என்று வரும். அது ஓர் அலகுக் கூட்டின் அளவு என்பதால் பிழை உடனே தெரிந்துவிடும். கோணத்தைப் பாதியாக்க மறந்தால் 24.6 நானோமீட்டர் வரும். பார்க்க நம்பும்படியாக இருக்கும், எவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இரண்டாவது பிழைதான் ஆபத்தானது. கருவியே ஏற்படுத்தும் அகலத்தையும் கழிக்க வேண்டும். பெரிய படிகங்கள் கொண்ட ஒரு திட்ட மாதிரியில் அது 0.10 டிகிரி என்றால், இருபடிக் கழித்தலில் (இரண்டின் வர்க்கங்களைக் கழித்து வர்க்கமூலம் எடுப்பது) 0.40 என்பது 0.387 ஆகும், விடை 21.6 ஆக உயரும்.

ஷெரர் தருவது படிகத்தின் அளவு. பல படிகங்கள் சேர்ந்து ஒரு துகளாக இருக்கலாம். துகளின் அளவுக்கு ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் குறைந்தது நூறு துகள்களையாவது அளந்து பரவல் வரைபடம் போடுங்கள். அழகான ஒரே ஒரு துகளைச் சுட்டிக்காட்டுவது போதாது. திரவத்தில் மிதக்கும் துகளை ஒளியால் அளக்கும் டைனமிக் ஒளிச் சிதறல் காட்டும் எண் நீருறையும் திரளும் சேர்ந்த அளவு; அது மற்ற இரண்டையும்விடப் பெரிதாக இருந்தால் வியக்க ஒன்றுமில்லை.

புற ஊதா உட்கவர்தலில் துத்தநாக ஆக்சைடின் முகடு பெரும்பாலும் 350 முதல் 380 நானோமீட்டருக்குள் வரும். நானோ அல்லாத பருப்பொருளின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல்) சுமார் 3.37 எலக்ட்ரான் வோல்ட். ஆற்றலை அலைநீளமாக்கும் மாறிலியான 1240-ஐ அதனால் வகுத்தால் 368 நானோமீட்டர். 270, 280 அருகே வரும் முகட்டைத் துகளுடையது என்று எழுதிவிடாதீர்கள், அது சாற்றிலுள்ள ஃபீனால்களுடையது. சாற்றின் நிறமாலையையும் அதே தாளில் வரைந்து காட்டுவது நேர்மை.

அகச்சிவப்பு நிறமாலையை மூன்று மாதிரிகளுக்கு எடுங்கள்: உலர்ந்த சாறு, சுடாத பொடி, சுட்ட பொடி. துத்தநாக-ஆக்சிஜன் பிணைப்பு 400 முதல் 500 அலைஎண்ணுக்கிடையே (செ.மீ.⁻¹ அலகில்) அகன்ற பட்டையாகத் தெரியும். துத்தநாக செலினைடு படிகம் பொருத்திய கருவியில் 600க்குக் கீழே எதுவும் தெரியாது. பட்டை காணவில்லை என்று குழம்புவதற்கு முன் கருவியில் எந்தப் படிகம் என்று கேளுங்கள். பொட்டாசியம் புரோமைடு வில்லையில் 400 வரை பார்க்கலாம். 1630 அருகே வரும் பட்டையைக் கண்டதும் கார்பனைல் என்று எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒட்டியிருக்கும் நீரும் அதே இடத்தில்தான் பட்டை தரும்.

வேறு ஆக்சைடுகளுக்கு மாறும்போது

செம்பில் ஒடுக்கம் உண்மையிலேயே குறுக்கிடும். அதன் மின்னழுத்தம் +0.34 வோல்ட் என்பதால் ஃபீனால் மிகுந்த சாறு செம்பு அயனியைக் குப்ரஸ் ஆக்சைடாகவோ உலோகமாகவோ மாற்றக்கூடும். கருநிறக் குப்ரிக் ஆக்சைடு மட்டும் வேண்டுமானால் காற்றோட்டத்தில் 400 டிகிரியில் சுட்டு, எக்ஸ் கதிரில் கலப்பு நிலை இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

இரும்பில் ஏமாற்றம் மிக எளிது. ஃபெரிக் குளோரைடில் டானின் உள்ள சாற்றை விட்ட நொடியில் கலவை கரேலென்று கறுத்துவிடும். அது நானோ துகள் அல்ல. இரும்பு-டானின் அணைவுச் சேர்மம். பல நூற்றாண்டுகளாக எழுதுமை செய்ய இதே வினையைத்தான் பயன்படுத்தினார்கள். காந்தத்தால் இழுபடும் மேக்னடைட் வேண்டுமானால் இரும்பு +2, +3 உப்புகளை 1:2 மோல் விகிதத்தில், நைட்ரஜன் சூழலில், காரம் சேர்த்து வீழ்படிவாக்க வேண்டும். அதைக் காற்றில் சுட்டால் செந்நிற ஹெமடைட்டாக மாறிவிடும்.

சீரியத்தில் வேடிக்கை தலைகீழ். சீரியம் நைட்ரேட்டில் உலோகம் +3, கிடைக்கும் ஆக்சைடில் +4. அதாவது நடப்பது ஆக்சிஜனேற்றம். அதற்கும் 'சாறு ஒடுக்கியது' என்றே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். டைட்டானியம் ஐசோபுரோபாக்சைடு நீர் பட்டவுடன் வெடுக்கென்று நீராற்பகுப்படையும். ஆல்கஹாலில் நீர்க்கச் செய்து, சாற்றை மிக மெதுவாக விட வேண்டும். 25.3 டிகிரி முகடு அனடேஸ் வடிவத்துக்கும் 27.4 டிகிரி ரூட்டைலுக்கும் உரியவை. வெப்பம் கூடக் கூட முன்னது பின்னதாக மாறும். மெக்னீசியம் ஆக்சைடு காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் பிடித்துக்கொண்டு மீண்டும் ஹைட்ராக்சைடாகவும் கார்பனேட்டாகவும் மாறும். சுட்ட கையோடு ஈரம் உறிஞ்சும் டெசிகேட்டரில் வையுங்கள்.

பயன் சோதனைகளில் கவனிக்க வேண்டியவை

மெத்திலீன் நீலத்தை வைத்து ஒளிவினையூக்கத் திறனைச் சோதிப்பதானால், விளக்கைப் போடும் முன் அரை மணி நேரம் இருட்டில் கலக்கி, மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் சாயத்தைத் தனியே கணக்கிடுங்கள். 664 நானோமீட்டரில் உட்கவர்தல் குறைவதை அளப்பது வழக்கம். துகள் இல்லாமல் ஒளி மட்டும் பட்டாலும் அந்தச் சாயம் மெல்ல வெளுக்கும் என்பதால் அந்த வெற்று ஓட்டமும் தேவை.

நுண்ணுயிர் எதிர்ப்புக்கு அகார் தட்டில் வட்டம் அளப்பது எளிது, ஆனால் துகள்கள் அகாரில் சரியாகப் பரவாது. பரவுவது பெரும்பாலும் கரைந்த துத்தநாக அயனியே. குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைத் திரவ ஊடகத்தில் கண்டறிவது மேல். ஒப்பீட்டுக்குச் சாறு மட்டும், துத்தநாக உப்பு மட்டும் என்று இரண்டு வரிசைகள் கட்டாயம். ஊடகத்தில் பாஸ்பேட் இருந்தால் துத்தநாகம் துத்தநாக பாஸ்பேட்டாகப் படிந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பாதுகாப்பும் கழிவும்

உலர்ந்த நானோ பொடியை முகக்கவசமின்றிக் கையாளக் கூடாது; என்95 தரமாவது வேண்டும். துத்தநாக ஆக்சைடுப் புகையைச் சுவாசித்தால் உலோகப் புகைக் காய்ச்சல் வரும். சிந்தினால் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். அந்தத் துணியும் அபாயக் கழிவே.

இலையில் தொடங்கிய வேலை என்பதால் கழிவும் இலையைப்போலச் சாதுவானது என்று நினைத்துத் தொட்டியில் ஊற்றுவதைக் காண்கிறோம். கரைந்த துத்தநாகமும் செம்பும் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. செம்பு மிகக் குறைந்த செறிவிலேயே பாசிகளைக் கொல்லும். முதல் மேல்நீரையும் கழுவிய நீரையும் ஒரு கலனில் சேர்த்து, பி.எச். மதிப்பை 9 முதல் 10-க்குள் கொண்டுவந்து ஓரிரவு விட்டால் எஞ்சிய உலோகத்தின் பெரும்பகுதி ஹைட்ராக்சைடாக அடியில் படியும். சாற்றிலுள்ள கொடுக்கிணைப்பிகள் கொஞ்சம் உலோகத்தைக் கரைசலிலேயே பிடித்து வைத்திருக்கும் என்பதால், மேல்நீரையும் சோதிக்காமல் வெளியே விட வேண்டாம். படிந்ததை உலர்த்தி, உலோகத்தின் பெயரையும் தேதியையும் ஒட்டி, உங்கள் நிறுவனத்தின் அபாயக் கழிவுப் பிரிவிடம் ஒப்படையுங்கள். எத்தனால் கழிவுக்குத் தனிப் புட்டி வைத்து, தீயிலிருந்து தள்ளி வையுங்கள்.